இடுப்பில் ஒரு முடிச்சு

தங்கசாமி "சரி" என்று சொன்ன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். சொன்ன சொல் நிற்க வேண்டுமே என்று உங்களில் பாதிப்பேராவது இந்த வாரம் முழுக்கக் கவலைப்பட்டிருப்பீர்கள். சம்பூர்ணம் பட்ட கவலையில் அது கால்வாசிகூட இருக்காது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. விக்கிரமங்கலத்தில் முந்திரிக் காடும் தோட்டமும் உள்ளவர் தங்கசாமி. மகள் சிவரஞ்சனிக்குச் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்தார். அவளோ கூடப் படித்த சுரேஷ்குமாரைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூரில் குடித்தனம் வைத்துவிட்டாள். அன்றைக்கு மகளிடம் மூடிய வாயை அவர் திறக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய் போகாத வீடு உண்டா? சம்பூர்ணத்தைப் போக விடவில்லை. பேத்தி பிறந்து பத்து மாதம் ஆகிவிட்டது. மகன் வீரமணி பிடிவாதமாக நின்று அம்மாவுக்கு மட்டும் டிக்கெட் எடுக்க இருந்த சமயத்தில், அவனுடைய செல்போனில் அந்தக் குழந்தை கத்திய கத்தல் தற்செயலாகத் தங்கசாமியின் காதில் விழுந்தது. "சரி, எனக்கும் சேத்துப் போடு" என்றார்.

ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுவாரோ என்று பயம். சிவரஞ்சனியிடமும் சொல்லவில்லை.

"ப்ளேன் கெளம்பின பொறவு சொல்லிக்கலாம்டா. பாதியில திரும்பிட்டாருன்னா அந்தப் பொண்ணு தாங்காது" என்று சம்பூர்ணம் மகனிடம் சொல்லிவைத்திருந்தாள். ஆக, சிங்கப்பூரில் இருப்பவளுக்கு அம்மா வருகிறாள் என்பது மட்டும்தான் தெரியும்.

புறப்படுகிற நாளும் வந்துவிட்டது. விடிந்ததிலிருந்தே தங்கசாமியின் போக்கு சரியில்லை.

வீட்டில் வெந்நீர் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குக் குளிக்கப் போனார். அந்த நேரத்தில் கரண்ட் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். வெகுநேரம் கழித்துத் திரும்பினார்.

"குளிச்சீங்களா?" என்றாள் சம்பூர்ணம்.

"ம்."

"தல காஞ்சிருக்கு."

"மேலுக்குக் குளிச்சேன்."

பயணத்துக்கென்று வீரமணி எடுத்து வந்த புதுச் சட்டை கட்டில் மேல் இருந்தது. அதை அவர் தொடவில்லை. உடம்பு பெருத்திருந்த காலத்தில் தைத்த பழைய தொளதொளச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு மாட்டிக்கொண்டு வந்தார்.

"கடல் தாண்டிப் போறப்ப இதையா போட்டுக்குவாங்க?"

"காத்தோட்டமா இருக்கும். நீ ஒன் வேலையப் பாரு."

போக மனமில்லாத மனுஷன்தான் இப்படியெல்லாம் செய்வார் என்று சம்பூர்ணம் எண்ணிக்கொண்டாள். கைப்பையில் அதிரசத்தையும் முறுக்கையும் அடுக்கினாள். மேலாக, பேத்திக்கு எடுத்த பட்டுப்பாவாடையை மடித்து வைத்தாள். கடைசியில் ஒரு மாட்டு லாடத்தையும் அடியில் செருகினாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனால் கூடவே இரும்பு ஒன்று போக வேண்டும். வழியில் காற்று கருப்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். ஆகாயத்தில் பறந்தாலும் அதுதானே முறை?

வாடகைக்குப் பேசிய டாடா சுமோவை வீரமணியே ஓட்டினான். முன் சீட்டில் தங்கசாமி. இடது கை கம்பியைப் பிடித்திருக்க, வலது கை இடுப்பை விட்டு நகரவில்லை.

"வயிறு சரியில்லையாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரோட்டப் பாத்து ஓட்டு."

அரியலூர் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. முன்னாலும் பின்னாலும் சிமெண்ட் லாரிகள். புழுதி அடங்குவதாகத் தெரியவில்லை. வீரமணி இறங்கி டீ வாங்கி வந்தான். தங்கசாமி கையால் மறுத்துவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது இப்பதைக்குத் தெறக்காது போலருக்கு."

"கூட்ஸ் வண்டிப்பா. போன ஒடனே தெறந்துருவாங்க."

"இந்தப் ப்ளேன் போயிட்டா அடுத்தது என்னைக்கு?"

பின் சீட்டில் இருந்த சம்பூர்ணத்துக்கு அந்தக் கேள்வி ஊசியாகக் குத்தியது. ப்ளேன் போய்விட வேண்டும் என்று வேண்டுகிறாரா இந்த மனுஷன்? அவள் எட்டிப் பார்த்தாள். அவர் முகம் வியர்த்திருந்தது. ரயில் போயிற்று, கேட் திறந்தது. அதற்கு அப்புறம் வீரமணி திருச்சியில்தான் வண்டியை நிறுத்தினான்.

ஏர்போர்ட்டு வாசலில் வீரமணியை நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் இருப்பவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாமாம். அவன் அம்மாவின் காதோரம் குனிந்தான்.

"பாத்துக்கம்மா. ஏறுற வரைக்கும் கூடவே இரு. ப்ளேன் மேல போறதப் பாத்துட்டுத்தான் நான் கெளம்புவேன்."

"நான் பாத்துக்கறேன்டா. நீ வேளையோட சாப்புடு."

பெட்டிகளை எடை போட்டு வாங்கிக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடைசியாகக் கைப்பையையும் ஆளையும் சோதனை போடுகிற இடத்துக்கு வந்தார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை.

முதலில் மாட்டியது சம்பூர்ணம்தான். அவளுடைய பை மிஷினுக்குள் பாதி வழியில் நின்றுவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணைச் சுருக்கினார். சீருடை போட்ட ஒரு பெண் வந்து பையைத் திறந்து, அதிரசத்துக்கு அடியிலிருந்து லாடத்தை எடுத்தாள். மதுரைப் பக்கத்துப் பேச்சு அவளுக்கு.

"என்னம்மா இது?"

"லாடம். எங்க மாட்டோடது."

"இத எதுக்கு ப்ளேன்ல கொண்டுட்டுப் போறீங்க?"

"பலகாரம் இருக்குல்ல. புள்ளை இருக்கற வூட்டுக்குப் போவுது. இரும்பு இல்லாம எப்படி அனுப்புறது?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இரும்பெல்லாம் கையோட கொண்டு போகக் கூடாதும்மா. வச்சிட்டுப் போகணும்."

"அப்ப நீங்களே வச்சுக்கங்க. வூட்டு வாசக்கால்ல அடிச்சா நல்லது. ப்ளேனே இரும்புதானே, அது போதும்" என்று சம்பூர்ணம் பையை வாங்கிக்கொண்டாள். விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுத்து மேலே போகிற வித்தை அவளுக்குக் கல்யாணம் ஆன நாள் முதல் பழக்கம்.

அவள் அந்தப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தபோது, ஆண்கள் வரிசையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மணிக்குக் கீழே நின்றவர் தங்கசாமி.

காவலுக்கு நின்ற இளைஞன் வடக்கே எங்கிருந்தோ வந்தவன். கற்றுக்கொண்ட பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தையும் கட்டளைகள்தான்.

"பெல்ட் எடு. வாட்ச் எடு. மறுபடி வா."

எடுத்தார். மறுபடி வந்தார். மறுபடி மணி அடித்தது. தங்கசாமியின் அப்பா செத்ததிலிருந்து விக்கிரமங்கலத்தில் யாரும் அவரை "எடு, வா" என்று சொன்னதில்லை. காது மடல் சிவந்துவிட்டது.

இளைஞன் கையில் இருந்த கருவியை அவர் உடம்பு நெடுகக் கொண்டுபோனான். தோளில் சும்மா இருந்தது. மார்பில் சும்மா இருந்தது. இடுப்புக்கு வந்ததும் கத்தியது.

"என்ன?"

"அரணாக்கொடி."

"காட்டு."

தங்கசாமி சட்டையை இடது பக்கம் ஒரு விரற்கடை தூக்கி, வேட்டி மடிப்புக்கு மேல் கிடந்த வெள்ளிக் கொடியைக் காட்டினார். இளைஞன் தலையை ஆட்டினான். கருவி வலது பக்கம் போயிற்று. அங்கே இன்னும் பலமாகக் கத்தியது. அவன் சட்டைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்தான். கையில் ஒரு மூட்டை தட்டுப்பட்டது.

"இது என்ன? சட்டை தூக்கு."

"தூக்க முடியாது."

"தூக்கு."

"முடியாதுங்கறேன்ல."

பின்னால் வரிசை நீண்டது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். சத்தம் கேட்டு மேலதிகாரி ஒருவர் வந்தார். நரைத்த மீசை, நல்ல தமிழ்.

"ஐயா, இடுப்புல என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படிக் கத்துது?"

"அது ஒங்க மிஷினுக்குக் கோளாறு."

"சரி, கோளாறாவே இருக்கட்டும். அந்தத் திரைக்குப் பின்னாடி வாங்க. எனக்கு மட்டும் காட்டுங்க போதும்."

தங்கசாமி கொஞ்சம் யோசித்தார். திரைப்பக்கம் ஒரு அடி எடுத்தும் வைத்தார். ஆனால் அதிகாரி கூடவே ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

"அவுத்து ட்ரேயில போட்டுருங்க. ஒரு தடவை மிஷினுக்குள்ள போய் வந்ததும் கையில குடுத்துருவோம்."

எடுத்து வைத்த கால் பின்னுக்கு வந்துவிட்டது.

"அத எறக்க முடியாது."

"எறக்கலேன்னா உங்களை ஏத்த முடியாதுய்யா."

அந்த நேரம் பார்த்து சம்பூர்ணம் வேகமாக வந்து சேர்ந்தாள். அவளைக் கண்டதும் தங்கசாமி சட்டையின் அடி விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். களவாடி மாட்டிக்கொண்டவன் முழி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முழி.

"நீ எதுக்கு வர்ற? அங்க போயி உக்காரு."

"என்னா சார் ஆச்சு?" என்று அவள் அதிகாரியைக் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் இடுப்புல என்னமோ முடிஞ்சு வச்சிருக்காரும்மா. காட்ட மாட்டேங்கறாரு. நாங்க என்ன செய்ய? எங்களுக்கும் மேல ஆளு இருக்கு."

"என்னாங்க அது?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

"ஒண்ணுமில்லன்னா காட்டிட்டு வாங்களேன். என் லாடத்தையே புடுங்கிக்கிட்டாங்க, நான் குடுத்துட்டு வரல?"

தங்கசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் வூட்டுக்குப் போறேன். வீரமணி வெளியிலதான் நிப்பான். நீ போயிட்டு வா."

விடிந்ததிலிருந்து எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ அது நடந்துவிட்டது. சம்பூர்ணம் அழவில்லை. அழுகிற கட்டம் தாண்டி எத்தனையோ மாதம் ஆகிறது. குரலை உயர்த்தவும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நின்றிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"இதுக்குத்தானே காலையிலேருந்து வழி பாத்துக்கிட்டு இருந்தீங்க? குளிக்கப் போறேன்னு போயி நேரத்தக் கடத்துனீங்க. புதுச் சட்டை வேணாம்னீங்க. கேட்டு தெறக்காதான்னு பாத்தீங்க. அது தெறந்துட்டு. இப்ப இந்தத் தம்பிமேல கோவம்னு ஒரு சாக்கு."

"சம்பூர்ணம், எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அவ வயித்தத் தள்ளிக்கிட்டு நாள எண்ணிக்கிட்டு இருந்தப்ப நான் பக்கத்துல நிக்கல. ஒங்க பேச்சக் கேட்டுக்கிட்டு ஊருல முந்திரிக்கொட்ட பொறுக்கிக்கிட்டுக் கெடந்தேன். இன்னைக்கும் அவ அம்மா மட்டும்தான் வருதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. அப்பாவும் வருதுன்னு நான் சொல்லல. ஏன் சொல்லலன்னு இப்ப ஒங்களுக்கே தெரியும்."

தங்கசாமி சட்டென்று திரும்பினார்.

"அவகிட்ட சொல்லலையா?"

"சொல்லல."

"நான் வர்றது அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நீங்க ஏறுவீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

இத்தனை நாளும் அவர் மனதுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வாசலில் நிற்கிறாள், அப்பா வருகிறார் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். அதற்காகவே அவர் தாடியைக்கூட நேற்று இருமுறை மழித்தார். அப்படி எட்டிப் பார்க்க யாருமே இல்லை, தன்னை நம்பி ஒருத்தரும் காத்திருக்கவில்லை என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. ரொம்ப வலித்தது.

பிடித்திருந்த கைகளை விட்டார். சட்டையின் வலது பக்கத்தை மார்பு வரைக்கும் தூக்கினார்.

அவருடைய வெள்ளிக் கொடியில், மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சின்ன முடிச்சு கட்டியிருந்தது. இளைஞன் கையை நீட்டினான்.

"தொடாத தம்பி. நானே அவுக்குறேன்" என்றார் தங்கசாமி. இப்போது குரலில் கோபம் இல்லை.

துணி பிரிந்தது. உள்ளே குழந்தை இடுப்புக்கான வெள்ளி அரைஞாண் ஒன்று சுருண்டு கிடந்தது. முன்னால் ஒரு சின்ன அரசிலை, அதன் இரண்டு பக்கமும் கடுகளவு சலங்கைகள். அவர் விரல் பட்டதும் கிணுகிணுவென்றது.

சம்பூர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா இது? கொழந்த நகை. இதுக்கா இவ்வளவு கலாட்டா?" என்றார் அதிகாரி.

அவள் சமாளித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"எங்க வூட்டு வழக்கம் சார். பேரப்புள்ளைக்கு மொத வெள்ளி, பொண்ணப் பெத்த அப்பன்தான் போடணும். சாமி காலடியில வச்சு எடுத்து, அவரு இடுப்புலயே கட்டிக்கிட்டு வரணும். வழியில எங்கேயும் எறக்கப்படாது. புள்ளையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, தன் இடுப்புலேருந்து அவுத்து அது இடுப்புல கட்டணும். எங்கப்பா ஒடையார்பாளையத்துலேருந்து அப்படித்தான் நடந்தே வந்தாரு, எம் மவனுக்கும் கட்டுனாரு, மவளுக்கும் கட்டுனாரு." கணவர் பக்கம் திரும்பினாள். "இவரு செய்வாருன்னு எனக்கே தெரியாது சார்."

தங்கசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நேரம் அவர் மறைத்தது இந்த அதிகாரிகளிடம் அல்ல என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். "அந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று ஊரைக் கூட்டிச் சொன்ன வாய். அந்த வாய்க்குச் சொந்தக்காரர் இடுப்பில் சலங்கை கட்டிக்கொண்டு வந்ததைப் பெண்டாட்டி கண்டுபிடித்துவிடக் கூடாதே என்ற வெட்கம்தான். ஆண்பிள்ளைகளுக்கு இந்த வெட்கம் எதற்கு என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

"எல்லாம் சரிம்மா. ஆனா மிஷினுக்குள்ள போயித்தான் ஆகணும். அத நான் விட முடியாது" என்றார் அதிகாரி. குரல் இறங்கியிருந்தது.

"கண்டதயும் வச்ச ட்ரே" என்று முணுமுணுத்தார் தங்கசாமி. "செருப்பக்கூட அதுலதான் வச்சாங்க."

சம்பூர்ணம் கைப்பையைத் திறந்தாள். பேத்தியின் பட்டுப்பாவாடையை எடுத்து உதறினாள். ட்ரேயின் மேல் நாலு பக்கமும் மூடும்படி விரித்தாள்.

"இதுல வைங்க. புள்ளையோட துணிதானே. அவ மடியில வச்ச மாதிரிதான்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, பட்டின் நடுவில் அந்தக் கொடியை வைத்தார். ட்ரே நகர்ந்து உள்ளே போயிற்று. அது வெளியே வருகிற வரைக்கும் தங்கசாமி மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் லாடக்காரப் பெண் நின்றிருந்தாள். "தொடலாமா?" என்று முறையாகக் கேட்டுவிட்டுக் கொடியை எடுத்து நீட்டிப் பார்த்தாள். பார்த்ததும் புருவம் சுருங்கியது.

"கொழந்தைக்கு எத்தன மாசம்மா?"

"பத்து."

"பத்து மாசக் கொழந்தைக்கு இது பத்தாதேம்மா. எம்புள்ளைக்கு ஆறாம் மாசமே இதவிடப் பெருசு போட்டோம். இது பொறந்த புள்ளைக்குச் செஞ்ச அளவுல்ல?"

சம்பூர்ணம் கொடியை வாங்கித் தன் விரல்களில் சுற்றிப் பார்த்தாள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு அளவு தெரியாதா? அப்போதுதான் பிறந்த குழந்தையின் இடுப்பு. வேறு எதற்கும் அது ஆகாது.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் மறுபடியும் மின்விசிறியிடம் போய்விட்டார்.

"எப்ப செஞ்சீங்க?"

"நேரமாவுது. வா."

"எப்ப செஞ்சீங்கன்னு கேக்குறேன்."

"புள்ளை பொறந்துட்டுன்னு போன் வந்துதுல்ல. அன்னைக்கு."

"அன்னைக்கு நீங்க முந்திரிக்கு மருந்து வாங்கறேன்னு ஜெயங்கொண்டம் போனீங்க."

"ஆசாரி வூடு அங்கதானே இருக்கு."

பத்து மாதம். அவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தார் என்று அவள் கேட்டாள். மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே, ஓட்டு இடுக்கில் என்றார். கரண்ட் இல்லாத நேரத்திலும் அந்த மனுஷன் ஏன் அடிக்கடி கொட்டகைக்கு ஓடினார் என்பது சம்பூர்ணத்துக்குப் பத்து மாதம் கழித்து விளங்கியது.

"கையத் தூக்குங்க" என்றாள்.

அத்தனை பேர் நடுவில், அவர் சட்டையை ஒதுக்கி, மஞ்சள் துணியை மறுபடி சுற்றி, அவர் கொடியோடு சேர்த்து இறுக்கி முடிந்துவிட்டாள். தங்கசாமி பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பெல்ட்டையும் கடிகாரத்தையும் இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தான் அந்த வடக்கத்தி இளைஞன்.

"பேபிக்கு நல்லது" என்றான்.

"நல்லாயிருப்பா" என்றார் தங்கசாமி.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய விமானம் வெயிலில் நின்றது.

"என்னைப் போக வேணாம்னு சொன்னீங்களே, அப்ப இது ஓட்டுலதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்பறம் ஏங்க?"

அவர் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். "வாய் ஒண்ணு சொல்லிட்டுது. மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீயா கெளம்பிப் போயிருந்தா தேவலன்னுகூட நெனச்சேன். நீ போவல."

"என் மேலயே திருப்பாதீங்க. நீங்க செஞ்சது தப்பு. இந்த அரணாக்கொடியக் காட்டி அத அடைச்சிர முடியாது."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

பையைத் திறந்து ஒரு முறுக்கை உடைத்து, பெரிய பாதியை அவர் கையில் வைத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனுஷன். மடமடவென்று தின்றார்.

"பத்தாதுன்னுட்டாளே அந்தப் பொண்ணு" என்றார் சற்றுப் பொறுத்து.

"ரெண்டு பக்கமும் கறுப்புக் கயிறு சேத்துக் கட்டிக்கலாம். புள்ளைக்கு என்னா தெரியப் போவுது? சலங்கை சத்தம் கேட்டாப் போதும்."

"சிரிப்பாளா?"

"நீங்க மொறைக்காம இருந்தாச் சிரிப்பா."

தங்கசாமி சிரித்தார். எத்தனையோ நாள் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தாள் சம்பூர்ணம். அழைப்பு வந்ததும் அவர்தான் முதலில் எழுந்தார். பையையும் அவரே தூக்கிக்கொண்டார்.

வெளியே வேப்பமர நிழலில் சுமோவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான் வீரமணி. அப்பா இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று வாசலையே பார்த்துக் கண் பூத்துவிட்டது. யாரும் வரவில்லை. விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போயிற்று. அது புள்ளியாகிற வரைக்கும் பார்த்துவிட்டு, சிங்கப்பூருக்குப் போன் போட்டான்.

"அம்மா ஏறிட்டாங்களாண்ணே?" என்றாள் சிவரஞ்சனி எடுத்த எடுப்பில்.

"ஏறிட்டாங்க. ரஞ்சனி, ஒண்ணு சொல்றேன், பதறாத. அப்பாவும் ஏறிட்டாரு."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ரஞ்சனி?"

"என்னைய ஏமாத்தாதண்ணே."

"சத்தியமாம்மா. ப்ளேன் போயிட்டுது. நானே பாத்தேன்."

அவள் அழுதாள். வீரமணி தடுக்கவில்லை. வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு, தன் கண்ணையும் தோளில் துடைத்துக்கொண்டான். அழுகைக்கு நடுவே அவள் சிரிப்பதும் கேட்டது. அப்பாவுக்கு எந்த மீன் வாங்குவது, எங்கே படுக்க வைப்பது என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டாள். திடீரென்று நிறுத்தினாள்.

"அண்ணே, அப்பா இடுப்புல ஏதாவது முடிஞ்சிருந்தாரா?"

"இடுப்புலயா? நான் எங்க பாத்தேன்? வழியெல்லாம் இடுப்புல கைய வச்சிக்கிட்டே வந்தாரு. வயித்து வலியோன்னு நெனச்சேன். ஏன்?"

குழந்தை மறுபடி தட்டியது. கூடவே மெல்லிசாக ஒரு சலங்கைச் சத்தம்.

"நேத்து என் மாமியார் ஊருலேருந்து வந்தாங்கண்ணே. பத்து மாசமாவுது, இன்னும் புள்ளை இடுப்பு வெறும் கயிறா கெடக்கேன்னு ஆசப்பட்டுக் கடைக்குப் போயி வெள்ளிக் கொடி வாங்கியாந்துட்டாங்க. தாய் வூட்டுலேருந்து வர வேண்டாமான்னுகூட என்னையக் கேட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "எங்கப்பா வர மாட்டாரு, நீங்களே கட்டிருங்க அத்தேன்னு சொன்னது நான்தாண்ணே."